‘பிசிக்கல் டேமேஜ்’ என்பது தீர்ப்பல்ல: பழுதான டேப்லெட்டும் நம் சட்ட உரிமையும்

கல்லூரி வகுப்பும் போட்டித் தேர்வுப் பயிற்சியும் பெருமளவு திரைக்கு மாறிவிட்டன. சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவிக்கு டேப்லெட் ஆடம்பரப் பொருள் அன்று. நூலகமும் பயிற்சி மையமும் விண்ணப்பம் நிரப்பும் மேசையும் அவருக்கு அதுவே. கல்வி உதவித்தொகையிலிருந்தோ, தாய் வாங்கிய மகளிர் குழுக் கடனிலிருந்தோ, மாதத் தவணையிலோ வாங்கிய அந்தக் கருவி சில மாதங்களில் செயலிழந்தால், வாரண்டி இருக்கிறது என்ற நம்பிக்கையோடு குடும்பத்தில் ஒருவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மாவட்டத் தலைநகரில் உள்ள சேவை மையத்துக்குப் பேருந்து ஏறுகிறார். அங்கே கருவியை இரண்டு நிமிடம் திருப்பிப் பார்க்கும் ஊழியர் சொல்வது பெரும்பாலும் ஒரே தொடர்தான்: “இது பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது.”

அந்த ஒரு சொல்லோடு பலர் திரும்பிவிடுகின்றனர். கையில் எந்தக் காகிதமும் இருப்பதில்லை. வந்து போனதற்கான சான்றுகூட இருப்பதில்லை. அதிகாரத்தின் முன் கேள்வி கேட்காமல் நிற்கவேண்டும் என்று தலைமுறைகளாகப் பழக்கப்படுத்தப்பட்ட மக்களிடம், கவுண்டருக்கு அப்பாலிருந்து வரும் எந்தச் சொல்லும் தீர்ப்பாகிவிடுகிறது.

இக்கட்டுரை சொல்ல வருவது ஒன்றே. ‘பிசிக்கல் டேமேஜ்’ என்பது நிறுவனத்தின் வாதம். அந்த வாதத்தை எழுத்தில் கேட்டுப் பெற நமக்கு வழி உண்டு. அதை ஆணையத்தின் முன் மெய்ப்பிக்கவேண்டிய நிலைக்கு நிறுவனத்தைக் கொண்டுவரவும் வழி உண்டு. பட்டியல் சாதியினருக்கு அந்த வழி, நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் இல்லாமலேயே திறந்திருக்கிறது.

உத்தரவாதம் யாருடைய கடன்?

உத்தரவாதம் என்பது நிறுவனம் மனமிரங்கிக் காட்டும் சலுகை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. ஓராண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டுப் பொருளை விற்கும்போது, அந்த ஓராண்டுக்கான பொறுப்பையும் சேர்த்தே நிறுவனம் விலையாகப் பெறுகிறது. எனவே உத்தரவாதம், நாம் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்ட ஒரு கடன்.

உத்தரவாத அட்டையே இல்லாவிட்டாலும் விற்பவருக்குச் சில பொறுப்புகள் உண்டு. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு, விற்கப்படும் பொருள் எந்தப் பயன்பாட்டுக்கானதோ அதற்கு ஏற்றதாகவும் விற்பனைக்குத் தகுந்த தரத்துடனும் இருக்கவேண்டும் என்பதைச் சில சூழல்களில் ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனையாகவே கொள்கிறது. இதைவிட வலுவான கருவி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது.

இச்சட்டத்தின் 2(10)-ஆம் பிரிவு ‘குறைபாடு’ என்பதை விரிவாக வரையறுக்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் உள்ள குறை மட்டுமின்றி, வணிகர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரத்தில் உள்ள குறையும் அதில் அடங்கும். நீர்த்துளி பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு, ஈரம் பட்டதால் உத்தரவாதம் இல்லை என்று பின்னர் மறுக்கும் நிறுவனத்திடம் இந்த வரையறையைக் காட்டிக் கேள்வி எழுப்பலாம். 84-ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்கு ஏற்பப் பொருள் இல்லாமல், அதனால் பாதிப்பு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பாவார். அந்த உத்தரவாதத்தை அளித்ததில் தமக்குக் கவனக்குறைவு இல்லை என்பது தற்காப்பு ஆகாது.

நுகர்வோர் யார் என்பதிலும் இரண்டு செய்திகளை நம் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டும். முதலாவது, 2(7)-ஆம் பிரிவின்படி முழு விலையையும் கொடுத்தவர் மட்டுமே நுகர்வோர் அல்லர். பகுதி விலை கொடுத்தவரும், தவணை முறையில் வாங்கியவரும் நுகர்வோரே. இரண்டாவது, வாங்கியவரின் இசைவோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பில் அண்ணன் பெயரில் இருந்தாலும், பயன்படுத்தும் தங்கை முறையிடலாம். பயன்படுத்துபவர் 18 வயது நிரம்பாதவராயின் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ முறையிடலாம்.

அரசு விலையின்றி வழங்கும் மடிக்கணினிகளின் நிலை வேறு. அவற்றை அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்கிறது. பழுது குறித்துக் கல்வி நிறுவனத் தலைவரிடம் எழுத்தில் முறையிடுவதே அங்கே முதல் படி. இக்கட்டுரை விலை கொடுத்து வாங்கிய கருவிகளைப் பற்றியது.

எது உடைப்பு, எது பழுது?

உண்மையை முதலில் சொல்லிவிடுவோம். டேப்லெட் கைதவறித் தரையில் விழுந்து திரை நொறுங்கினால், வழக்கமான உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. அந்தச் சேதத்துக்கென்று தனியே பணம் கட்டிப் பாதுகாப்புத் திட்டம் எடுத்திருந்தால் மட்டுமே கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ பழுதுநீக்கம் கிடைக்கும். விழுந்ததை மறைத்து, தானாகவே உடைந்தது என்று எழுதித் தருவது நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்வதாகும்.

தகராறு எழுவது வேறு இடத்தில். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 15,000 ரூபாய்க்கு வாங்கிய டேப்லெட் ஐந்தாவது மாதத்தில் மின்னேற்றம் ஆகாமல் நின்றுவிடுகிறது. அதன் ஒரு மூலையில் முன்பே ஏற்பட்ட சிறு நசுங்கல் இருக்கிறது. சேவை மையம் அந்த நசுங்கலைப் படமெடுத்து, ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று பதிவுசெய்து உத்தரவாதத்தை மறுக்கிறது. இங்கே கேட்கவேண்டிய கேள்வி மிக எளியது: மூலையில் உள்ள நசுங்கலுக்கும் மின்னேற்றம் நின்றதற்கும் என்ன தொடர்பு? கருவியில் ஒரு கீறலோ நசுங்கலோ இருப்பது அதிலுள்ள எல்லாப் பழுதுகளுக்கும் காரணம் ஆகிவிடாது. பொதுவாக உத்தரவாத அட்டையின் வாசகமும், விபத்து, நீர், தவறான பயன்பாடு ஆகியவற்றால் நேர்ந்த சேதம் என்றுதான் இருக்கும். ‘ஆல்’ என்ற அந்த வேற்றுமை உருபில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது.

நீர்ப்பட்டை பற்றிய தகராறும் இத்தகையதே. பல கருவிகளின் உள்ளே, ஈரம் பட்டால் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ நிறம் மாறும் சிறு ஒட்டுத்தாள் இருக்கும். அது நிறம் மாறியிருப்பது ஈரம் பட்டதற்கு ஓர் அறிகுறி. அந்த ஈரமே குறிப்பிட்ட பழுதை உண்டாக்கியது என்பதை அது தானாகவே நிறுவிவிடாது. எந்தப் பகுதியில் அரிப்பு உள்ளது, எந்தச் சுற்று கெட்டது என்பதைப் படத்துடன் காட்டுமாறு கேட்கவேண்டும்.

பேட்டரி உப்பித் திரையையோ பின்மூடியையோ தள்ளிப் பிளக்கும் பழுதும் ‘உடைப்பு’ என்று எழுதப்படும் ஆபத்து உண்டு. திரை பிளந்தது விளைவு. காரணம் உள்ளே இருக்கிறது. உப்பிய பேட்டரி தீப்பற்றக் கூடியது என்பதால் அதை மின்னேற்றவோ அழுத்தவோ திறக்கவோ கூடாது. படமெடுத்துக்கொண்டு உடனடியாக ஒப்படைப்பதே பாதுகாப்பு.

பொருள் நம் கைக்கு வரும் முன்னரோ, சேவை மையத்தின் கைக்குப் போன பின்னரோ நேரும் சேதம் மற்றொரு வகை. இணையத்தில் வாங்கிய டேப்லெட் உடைந்தே வந்து சேர்ந்தால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. பெட்டியைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து காணொளியாகப் பதிவுசெய்வது இதற்கான எளிய சான்று. பழுதுபார்க்கக் கொடுத்த கருவி சேவை மையத்திலேயே உடைந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151-ஆம் பிரிவு உதவிக்கு வரும். பிறர் ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போலக் கருதி நியாயமான கவனத்தோடு காக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

மெய்ப்பிக்கும் சுமை யாருடையது? கருவியில் குறை உள்ளது என்பதை முதலில் காட்டவேண்டியவர் நுகர்வோரே. ஆனால், பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்திலிருந்து ஒரு விலக்கு விதியைக் காட்டித் தப்ப முயலும் தரப்புக்கு, அவ்விலக்கு பொருந்துகிறது என்று மெய்ப்பிக்கும் சுமை உண்டு. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் காப்பீட்டு ஒப்பந்தம் தொடர்பாக இதைத் தெளிவாக்கியது. உத்தரவாத வழக்குகளிலும் அதே கோட்பாட்டை முன்வைத்து வாதிடலாம்.

கவுண்டரில் பெறவேண்டிய காகிதம்

நம்மவர் தோற்கும் இடம் பெரும்பாலும் ஆணையம் அன்று. சேவை மையத்தின் கவுண்டர். அங்கே எழுதப்படும், அல்லது எழுதப்படாமல் விடப்படும் ஒரு தாளே பின்னர் வழக்கைத் தீர்மானிக்கிறது. ஜாப் ஷீட் எனப்படும் பணிச்சீட்டுதான் அது. அதில் நாள், கருவியின் தொடர் எண், பழுதின் விவரம், ஒப்படைக்கும்போது கருவி இருந்த நிலை, உடன் கொடுத்த பொருள்கள் ஆகியவை இருக்கவேண்டும். சிம் போடும் வசதியுள்ள டேப்லெட் எனில் ஐஎம்இஐ எண்ணும் இடம்பெறவேண்டும். பணிச்சீட்டு பெறாமல் கருவியைக் கொடுக்கக் கூடாது.

ஒப்படைக்கும் முன் கவனிக்கவேண்டியவை:

1. கருவியின் ஆறு பக்கங்களையும், பழுது தெரியும் காட்சியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளவேண்டும்.
2. இயன்றால் பாடக்குறிப்பு, சான்றிதழ்ப் படிகள் ஆகியவற்றை வேறிடத்தில் சேமித்துவிடவேண்டும். பழுதுநீக்கத்தில் தரவுகள் அழிந்தால் பொறுப்பில்லை என்பது பணிச்சீட்டில் பொதுவாக இருக்கும் வாசகம். குடும்பப் படங்களையும் வங்கிச் செயலிகளையும் நீக்கிவிட்டுத் தருவதே நல்லது.
3. பில்லின் நகலை மட்டும் தரவேண்டும். அசலைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெறவேண்டும்.
4. பணிச்சீட்டில் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று எழுதியிருந்தால், கையொப்பத்துக்கு மேலே “இதை நான் ஏற்கவில்லை” என்று தமிழிலேயே எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடவேண்டும். எழுத விடாவிட்டால், அன்றைக்கே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அதே செய்தியை அனுப்பவேண்டும்.
5. உத்தரவாதத்தை மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்திலும் படத்துடனும் கேட்கவேண்டும்.
6. பேருந்துப் பயணச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தவேண்டும். எத்தனை முறை அலைக்கழிக்கப்பட்டோம் என்பதற்கு அவையே சான்று.

உத்தரவாதக் காலத்தில் பக்கத்து ஊர்க் கடையில் கருவியைத் திறந்து பார்க்கக் கொடுப்பது பெரும் இழப்பில் முடியக்கூடும். அங்கீகாரம் இல்லாதவர் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்பது பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் உள்ள விதி. சேவை மையம் தொலைவில் இருப்பதால்தான் மக்கள் அருகிலுள்ள கடையை நாடுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் 300 ரூபாய் செலவில் முடிக்க நினைத்து 15,000 ரூபாயின் உரிமையை இழக்கவேண்டாம்.

பில் பற்றியும் ஒரு சொல். வரியைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி வெறும் தாளில் தொகையை எழுதித்தரும் கச்சா பில் நமக்கு எதிராகவே முடியும். கொடுத்த பொருளுக்கு முறையான பில் தராததே 2(47)-ஆம் பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே பிரிவின்படி முறையற்ற நடைமுறையே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று கடையில் தொங்கும் பலகை சட்டத்தை மாற்றிவிடாது. பில் தொலைந்திருந்தால், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, தவணை நிறுவனத்தின் ஒப்பந்தம், பெட்டியின் மேலுள்ள தொடர் எண் ஆகியவற்றைக் கொண்டு வாங்கியதை நிறுவ முயலலாம்.

தவணையில் வாங்கியவர் சினத்தில் தவணையை நிறுத்திவிடக் கூடாது. கடன் தந்த நிறுவனத்துடனான ஒப்பந்தம் தனி. டேப்லெட் பழுதானது அக்கடனைத் தானாக நிறுத்தாது. தவணை தவறினால் அபராதக் கட்டணமும் கடன் மதிப்பெண் சரிவும் நேரும். கட்டிய தவணைகளையும் வட்டியையும் இழப்பீட்டுக் கோரிக்கையில் சேர்த்துக் கேட்பதே முறை.

எழுத்து முறையீடு

கவுண்டரில் மறுக்கப்பட்டால் அடுத்த படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுவது. இணைய வணிகத் தளத்தில் வாங்கியிருந்தால், அத்தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும் என்று மின்வணிக விதிகள் கூறுகின்றன. அத்தோடு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கட்டணமின்றி முறையிடலாம். இந்த உதவி மையம் தீர்ப்பளிக்கும் அமைப்பு அன்று. முறையீட்டை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் பெற்றுத்தரும் அமைப்பு. அந்த அளவிலேயே தீர்வு கிடைக்கவும் வாய்ப்புண்டு. கிடைக்காவிட்டாலும், முறையீட்டு எண்ணும் பதிலும் நம் கோப்பில் சேரும்.

அதன் பின்னர் அறிவிப்புக் கடிதம் அனுப்பலாம். வழக்குக்கு முன் அறிவிப்பு அனுப்பியே ஆகவேண்டும் என்று நுகர்வோர் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும், விற்ற கடை, உற்பத்தி நிறுவனம், சேவை மையம் ஆகிய மூவருக்கும் நடந்ததை நாள்வாரியாக எழுதி, 15 நாள் அவகாசம் தந்து, விரைவு அஞ்சலில் அனுப்பிச் சேர்ப்பித்த சான்றைப் பெற்றுவைப்பது வழக்கை வலுப்படுத்தும். கடிதத்தில் வேண்டுதல் தெளிவாக இருக்கவேண்டும்: கட்டணமின்றிப் பழுதுநீக்கம், அது இயலாவிட்டால் புதிய கருவி, அதுவும் இயலாவிட்டால் விலையைத் திருப்பித் தருதல்.

ஆணையத்தின் கதவு

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவது, பலர் அஞ்சுவதைப்போல் கடினமானதன்று. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை. 15,000 ரூபாய் டேப்லெட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலுத்தவேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரும் நன்மை, இடம் பற்றியது. 34-ஆம் பிரிவின்படி முறையீட்டாளர் குடியிருக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருப்பது தடையன்று. தகராறுகள் அனைத்தும் இன்ன நகர நீதிமன்றத்துக்கே உட்பட்டவை என்று உத்தரவாத அட்டையில் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு பின்வாங்கவேண்டாம். நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்பதை எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது.

காலவரையறை இரண்டு ஆண்டுகள். 69-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வழக்கெழு காரணம் தோன்றிய நாளிலிருந்து இது கணக்கிடப்படும். பழுது முதலில் தெரிந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பானது. “பார்க்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்” என்ற பேச்சில் மாதங்களைக் கடத்திவிடக் கூடாது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம்.

முறையீட்டில் விற்பனையாளர், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர், சேவை மையம் ஆகிய அனைவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்கவேண்டும். சேவை மையத்தை மட்டும் சேர்த்தால், கருவியைத் தயாரித்தது நாங்கள் அல்ல என்று அவர்கள் கைவிரிப்பர். கடையை மட்டும் சேர்த்தால், உத்தரவாதம் தந்தது நிறுவனம் என்று கடைக்காரர் சொல்வார். ஒருவரையொருவர் கைகாட்டும் இந்த ஆட்டத்துக்கு முடிவு, எல்லாரையும் ஒரே மேசைக்கு அழைப்பதுதான்.

எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள் பதிலுரை தரவேண்டும். கூடுதலாக 15 நாள் வரை மட்டுமே ஆணையம் அனுமதிக்கலாம். இந்த 45 நாள் எல்லையைத் தாண்ட இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. பழுதின் காரணம் குறித்துத் தகராறு இருந்தால், 38-ஆம் பிரிவின்படி கருவியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்குமாறு கோரலாம். இந்த மனு மிக முக்கியமானது. சேவை மையத்தின் இரண்டு நிமிடப் பார்வைக்கு எதிராகச் சுதந்திரமான தொழில்நுட்ப அறிக்கை ஒன்று கோப்பில் இருந்தால், வாதம் தலைகீழாக மாறும். தகராறு முடியும்வரை கருவியை வேறு எவரிடமும் பழுதுபார்க்கத் தராமல் அப்படியே வைத்திருக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். ஆய்வுக் கட்டணத்தை முறையீட்டாளர் முன்கூட்டியே செலுத்தவேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து, சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்துக்குள்ளும், தேவைப்படுவதை 5 மாதத்துக்குள்ளும் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதம் உண்டு. அதனால்தான், வழக்கு நடக்கும்போதே சமரசத்துக்கு வாய்ப்பளிக்கும் 37-ஆம் பிரிவையும் கருத்தில் கொள்ளலாம். தேர்வு நெருங்கும் மாணவிக்கு ஒரு மாதத்தில் கிடைக்கும் புதிய டேப்லெட், இரண்டாண்டு கழித்துக் கிடைக்கும் இழப்பீட்டைவிடப் பயனுடையதாக இருக்கக்கூடும். அந்த முடிவு அவருடையது, வழக்கறிஞருடையது அன்று.

39-ஆம் பிரிவின்படி குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியுடன் திருப்பவும், இழப்பீடும் வழக்குச் செலவும் வழங்கவும் ஆணையம் ஆணையிடலாம். ஆணையை நிறைவேற்றாதவருக்கு 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கட்டணமில்லா வழக்கறிஞர்: சட்டம் தந்த உரிமை

நுகர்வோர் ஆணையத்தில் முறையீட்டாளர் தாமே வாதிடலாம். ஆனால் எதிரே பெருநிறுவனத்தின் வழக்கறிஞர் நிற்கும்போது துணை தேவைப்படும். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவ்வாறே. அச்சட்டத்தின் வரையறையில் ‘நீதிமன்றம்’ என்பது நீதிசார் பணி செய்யும் தீர்ப்பாயங்களையும் உள்ளடக்குகிறது. ஆகவே நுகர்வோர் ஆணைய வழக்குக்கும் சட்ட உதவி கோரலாம்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட அளவிலான குழுவிலோ சாதிச் சான்றிதழ் நகலுடன் விண்ணப்பிக்கவேண்டும். உதவி எண் 15100. ஆய்வகக் கட்டணம் உள்ளிட்ட வழக்குச் செலவுகளையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுக் கேட்கவேண்டும்.

தலித் கிறிஸ்தவர்கள் இங்கும் ஓர் அநீதியை எதிர்கொள்கின்றனர். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்பதால், சாதி அடிப்படையிலான இந்த உரிமை அவர்களுக்கு மறுக்கப்படுகிறது. ஆயினும் பெண், குழந்தை, மாற்றுத்திறனாளி, அரசு வகுத்த வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற பிரிவுகளின்கீழ் அவர்களும் விண்ணப்பிக்கலாம். மாணவியின் பெயரிலேயே முறையீட்டைத் தொடுத்தால் பெண் என்ற அடிப்படையே போதும்.

கவுண்டரில் சாதி பேசினால்

சேவை மறுக்கப்படும் இடத்தில் சாதி நுழைவதும் உண்டு. உள்ளூர் முகவர் கடையில், ஊர் பெயரைக் கேட்டதும் முகம் மாறுவதும், பிறரைக் கவனித்துவிட்டு நம்மை நிற்கவைப்பதும் நாம் அறியாதவை அல்ல. கடைகளில் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2)-ஆம் பிரிவு. ‘கடை’ என்ற சொல் எதைக் குறிக்கும் என்ற கேள்வி 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் எழுந்தபோது, பொருள் விற்கும் இடம் மட்டுமின்றி, நாடி வருவோருக்குச் சேவை அளிக்க முன்வரும் எந்த இடமும் அதில் அடங்கும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அவ்விளக்கத்தின்படி இன்றைய சேவை மையமும் ஒரு கடையே.

குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் 6-ஆம் பிரிவு, பிறருக்கு வழங்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் சேவை வழங்கத் தீண்டாமை காரணமாக மறுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மறுப்புக்குக் காரணம் தீண்டாமையே என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் அனுமானிக்கவேண்டும் என்பது 12-ஆம் பிரிவு. பொதுப்பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(1)-ஆம் பிரிவு பொருந்தும். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் ஆரம்பகட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18-ஏ பிரிவு.

இந்த இரண்டு பாதைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உத்தரவாதத்தை மறுத்தது நுகர்வோர் ஆணையத்துக்குரிய வழக்கு. சாதியால் இழிவுபடுத்தியது காவல்நிலையத்துக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் உரிய வழக்கு. நடந்ததை நடந்தபடி, சொன்ன சொல்லை அதே சொல்லில், உடனிருந்தவர் பெயருடன் அன்றைக்கே எழுதிவைக்கவேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவேண்டியதில்லை.

படிப்பகங்கள் செய்யக்கூடியவை

தனியொரு குடும்பம் 15,000 ரூபாய்க்காக நிறுவனத்தை எதிர்க்கத் தயங்குவது இயல்பே. பல குடும்பங்களின் தயக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் அது நிறுவனங்களுக்கு நல்ல இலாபம். இந்தக் கணக்கைக் குலைக்க, ஊர்தோறும் உள்ள அம்பேத்கர் படிப்பகங்களும் இரவுப் பாடசாலைகளும் மாணவர் அமைப்புகளும் முன்வரலாம். வாங்கிய அன்றே பில்லையும் தொடர் எண்ணையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்து ஒரு பதிவேட்டில் சேர்க்கலாம். பணிச்சீட்டு பெறப் போகும் குடும்பத்தோடு படித்த இளைஞர் ஒருவர் உடன்செல்லலாம். இணையவழி முறையீட்டுக்கென 2020-இல் தொடங்கப்பட்ட இ-தாக்கில் தளத்தின் இடத்தில் இப்போது இ-ஜாக்ரிதி வந்துள்ளது. அதில் முறையீட்டைப் பதிவேற்றப் படிப்பகத்தின் கணினியே போதும். ஒரே வகை டேப்லெட் ஒரே பழுதோடு பலரிடம் இருந்தால், 35-ஆம் பிரிவின்படி ஆணையத்தின் அனுமதியோடு அனைவர் சார்பிலும் கூட்டு முறையீடு தொடுக்கலாம்.

ஒரு டேப்லெட்டின் பழுது சிறிய செய்தியாகத் தோன்றலாம். விண்ணப்பத்தின் கடைசி நாளில் திரை இருண்டு போன மாணவிக்கு அது ஓராண்டு இழப்பு. விலை கொடுத்தவர் நாம், கேட்பது நமக்குரியது. அடுத்த முறை கவுண்டருக்கு அப்பாலிருந்து ‘பிசிக்கல் டேமேஜ்’ என்ற சொல் வரும்போது, நாம் சொல்லவேண்டிய பதில் சிறியது: “எழுதிக் கொடுங்கள்.”